அகில் தோப்புக்குள் பேசும் பேச்சு

"இது டீயா, கழுநீரா?" என்று கத்தினார் அகில் தோப்புக்காரர். டம்ளர் பறந்துபோய்ச் சுவரில் மோதி உருண்டது. வாசலில் உட்கார்ந்து, மரத்தில் துளை போடும் இயந்திரத்துக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்த வேலையாள் குனிந்த தலை நிமிரவில்லை. மனைவி டம்ளரை எடுத்துக் கழுவிக் கவிழ்த்தாள். ஊரில் அவருக்கு இடியண்ணன் என்று பெயர். பாவம், இடியாவது மழைக்காலத்தில் மட்டும்தான் இடிக்கும். "ஏய்" என்பதைத் தவிர அவர் வாயிலிருந்து மனைவிக்கு வேறு பெயர் வந்து பல வருடமாகிறது.

அதே மனிதர் வேலியைத் தாண்டித் தோப்புக்குள் கால் வைத்துவிட்டால் பூனைதான். அகில் மரத்துக்குள் ஒருத்தி தூங்குகிறாள் என்று தோப்பு வைத்திருப்பவர்கள் சொல்வார்கள். அவள் காணும் கனவுதான் மணமாக மரத்தில் ஊறுகிறதாம். அங்கே யாராவது ஒரு கடுஞ்சொல் சொன்னால் போதும், அவள் விழித்துக்கொண்டு அடுத்தவன் தோப்புக்கு நடந்துவிடுவாள். பிறகு எத்தனை மரம் வெட்டினாலும் வெறும் வெள்ளைக் கட்டைதான். துளையிட்டுப் பூஞ்சைக் கரைசல் ஊற்றினால்தான் அந்தக் காயத்தைச் சுற்றிக் கட்டை கறுத்து மணம் பிடிக்கும் என்பது இடியண்ணனுக்கும் தெரியும். கரைசலைத் தன் கையாலேயே கலக்கிறவர் அவர். ஆனாலும் எதற்கு வம்பு? துளை போடுமுன் மரத்தைத் தடவி, "கொஞ்சம் வலிக்கும்மா, பொறுத்துக்குங்க" என்பார்.

அன்று அவர் டவுனுக்குக் கிளம்பிப் போனதும் மனைவி தோப்புக்குள் நடந்தாள். மரங்களுக்கிடையே வெயில் பச்சையாக இறங்கிக்கொண்டிருந்தது. உதிர்ந்த இலைகூட யோசித்து யோசித்துத்தான் தரைக்கு வந்தது. ஒரு மரத்தில் சாய்ந்து உட்கார்ந்தாள். பட்டைக்குள் யாரோ மெல்ல மூச்சு விடுவது போலிருந்தது. கொடுத்து வைத்தவள் நீ, உன்னிடம் ஒருத்தரும் கத்த மாட்டார்கள், எனக்கும் கொஞ்சம் இடம் கொடேன் என்று மனசுக்குள் கேட்டாள். கண் செருகியது. கனவா நினைவா தெரியாத அந்த மயக்கத்தில், உள்ளே இருந்தவள் ஒருக்களித்துப் படுத்து இடம் விட்டதாகவே அவளுக்குத் தோன்றியது. இனி வீட்டுக்குப் போவதில்லை என்று அங்கேயே முடிவு செய்தாள். அழுகைகூட வரவில்லை. அத்தனை நிம்மதியாக இருந்தது.

சாயங்காலம் திரும்பிய இடியண்ணன் அணைந்து கிடந்த அடுப்பைப் பார்த்தார். வீடெல்லாம் தேடிவிட்டுத் தோப்புக்கு வந்தவர், அவளைக் கண்டதும் வாயைத் திறந்தார். மரங்கள் கண்ணில் பட்டன. மூடிக்கொண்டார்.

"இங்க என்ன பண்றீங்க?" முகம் சிவந்திருந்தது, குரல் மட்டும் பூப்போல வந்தது.

அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டாள். "என்ன கேட்டீங்க?"

"வீட்டுக்கு வாங்கன்னு சொல்றேன்." தோப்புப் பழக்கத்தில் நாக்கு தானாகவே மரியாதையாகப் புரண்டது.

"வரல. வாங்க, போங்கன்னு பேசுற புருஷன் இங்கதான் இருக்கார். வீட்ல இருக்கறவர் எனக்கு வேண்டாம்."

"சத்தம் போட்டுடுவேன்..." என்றார், கிசுகிசுப்பாக.

"போடுங்களேன். மணம் ஓடிடும்னுதானே பயம்? நம்ம வீட்ல சிரிப்பு ஓடிப்போய் எத்தனை வருஷமாச்சு, அதைக் கவனிச்சீங்களா? மரத்துக்கு வலிக்கும்னு தெரியுது. எனக்கு வலிக்கும்னு ஒரு நாளாவது தோணிச்சா?"

அவர் அவள் எதிரில் தரையிலேயே உட்கார்ந்தார். அவள் பேசினாள், பல வருடத்துக்கும் சேர்த்துப் பேசினாள். கத்த முடியாத இடமாகப் போனதால், மனைவி சொல்வதை அவர் முதன்முறையாக முழுக்கக் கேட்டார். கேட்கக் கேட்க வெட்கமாக இருந்தது. கண் கலங்கியது.

"தப்புதாம்மா. வாங்க, போலாம்."

அவள் எழுந்தாள். ஆனால் வேலியருகே கால் தயங்கியது. உள்ளே மரத்துக்காக அடங்கியவர் வெளியே எப்படிப் பேசுவாரோ? அந்த ஒரு அடிக்குத்தான் அவளுக்குப் பயம். மூச்சைப் பிடித்துக்கொண்டு தாண்டினாள்.

"பார்த்து வாங்க, பள்ளம் இருக்கு" என்றார் அவர், அதே குரலில்.

எதிரே வந்த வேலையாளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "என்னண்ணே, தோப்பை விட்டு வெளிய வந்தாச்சு, இன்னும் மெதுவாப் பேசுறீங்க?"

இடியண்ணன் நின்றார். "மரத்துக்குப் பயந்து பேசுறதுக்குப் பேர் மரியாதை இல்லப்பா. கூட இருக்கற மனுஷிக்கு வலிக்கும்னு தெரிஞ்சு பேசுறதுதான் மரியாதை. நீயும் இப்போ வீட்டுக்குத்தானே போற? ஞாபகம் வச்சுக்க."