செண்டுமல்லி தின்ற கோழிகள்

சரிதாவுக்குத் தன் கோழிகள் மேல் கொஞ்சம் கர்வம் உண்டு. ஐநூறு கோழிக்கும் இரண்டு மாதமாக ஆளி விதை அரைத்துக் கலந்த தீனிதான். அந்த முட்டையில் இதயத்துக்கு நல்லதான ஒமேகா கொழுப்பு மற்ற முட்டையைவிட நிறைய இருக்கிறதென்று ஆய்வகத்திலிருந்து காகிதமே வந்துவிட்டது. வாங்கத்தான் ஆளில்லை. ஆளி விதை விற்கிற விலையில், திருச்செங்கோட்டில் ஜிம் நடத்தும் வளவனும் வேண்டாமென்றால் பழைய தீனிக்கே திரும்ப வேண்டியதுதான்.

வந்த வளவன் காகிதத்தைக் கண்ணெடுத்தும் பார்க்கவில்லை. தட்டில் ஒரு முட்டையை உடைத்தான். கரு நல்ல ஆரஞ்சு நிறத்தில் திரண்டு நின்றது.

“யக்கா, இதுதானுங்க சத்து! கலரே சொல்லுதே! வாராவாரம் ஆயிரம் முட்டை எனக்கே குடுத்துருங்க. இதே கலர்ல இருக்கோணும்.”

அந்த நிறத்துக்கும் ஆளி விதைக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. எல்லாம் சரிதாவின் வீட்டுக்காரர் தனசேகரின் திருவிளையாடல். ஆயுத பூஜைக்கு ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகளுக்குச் சாத்திய செண்டுமல்லி மாலைகளை, வீணாகப் போகிறதே என்று மூட்டை கட்டி வந்து, நாரை உருவிவிட்டுப் பத்து நாளாகக் கோழிகளுக்குத் தூவியிருந்தார் மனுஷன். நேற்றோடு பூ தீர்ந்தது. இனி கரு பழையபடி வெளுத்துவிடும்.

வளவனின் முதுகுக்குப் பின்னால் நின்ற தனசேகர், வாயைத் திறக்காதே என்று ஜாடை காட்டினார். சரிதாவுக்கும் திறக்காமலிருக்கத்தான் ஆசை. ஆனால் இரண்டு மாதம் விதை அரைத்தது அவள். பேரைத் தட்டிக்கொண்டு போவது ஒரு பூவா? பொறுக்கவில்லை.

“தம்பி, அந்தக் கலரு ரிக் வண்டி மாலையில வந்ததுங்க. பூவும் கண்ணுக்கு நல்லதுதான். ஆனா நீங்க சொல்ற சத்து, அந்த ஒமேகா, ஆளி விதையில வாரது, அது பார்த்தாத் தெரியாதுங்க. அடுத்த வாரம் கரு வெளுத்துப் போயிரும், ஒமேகா கொறையாது.”

தனசேகர் தலையில் அடித்துக்கொண்டார். வளவன் அப்போதுதான் காகிதத்தை வாங்கி, வரி விடாமல் படித்தான். பிறகு சிரித்துவிட்டான்.

“எங்க ஜிம் பசங்களும் போட்டோவுக்கு நிக்கறப்ப கையில எண்ணெய் தடவிக்குவாங்கக்கா. மின்னறது எண்ணெயி, எடை தூக்கறது சதையி. வெளுத்த முட்டையே குடுங்க. எங்கம்மாவுக்கு மட்டும் ஒரு அட்டை முட்டை கலரா வேணும். இல்லாட்டி நான் ஏமாந்து வாங்கிட்டு வந்தேன்னு ஊட்டுக்குள்ளயே உட மாட்டாங்க.”

“அதுக்கென்னங்க, பூவுக்கு நானாச்சு!” வியாபாரத்தையே தான் முடித்த மாதிரி தனசேகர் முன்னால் வந்து நின்றார்.

அவரை முறைக்கவும் சரிதாவுக்குத் தோன்றவில்லை. அவள் அரைத்த விதையின் அருமை ஒருத்தனுக்காவது தெரிந்துவிட்டது. கண் கலங்க, வாய்விட்டுச் சிரித்தாள்.