ஆபீஸ்! ஆபீஸ்!

ஃபெரோசிலிக்கான் உலையை நிறுத்தி ஏழு மாதம் ஆகியிருந்தது. உள்ளே இறுகிக் கிடந்ததை மேலிருந்து அடுக்கடுக்காகத் தோண்டி, ஒவ்வொரு கட்டியிலும் ஆழத்தை எழுதி, லேப் மேடம் சரண்யாதேவிக்கு அனுப்புவது என் வேலை. பன்னிரண்டாம் நாள் ஏழடி ஆழத்தில் நின்றேன். என் பெல்ட்டின் கயிறு மேல்தளத்தில், ஆளைத் தூக்கி இறக்கும் ஹாய்ஸ்ட் மெஷினில் மாட்டியிருந்தது. அதை இயக்குபவருக்கு உலைக்குள் இருக்கும் ஆள் தெரியாது. குரல் மட்டும் கேட்கும்.

வழக்கமாக இயக்கும் பால்துரை கல்யாண வீட்டுக்குப் பெரியதாழை போயிருந்தான். பதிலுக்கு வந்தவர் சிவப்பிரகாஷ். நூல் மில்லில் பத்து வருஷம் ஹாய்ஸ்ட் ஓட்டியவர். காலையிலேயே கறாராகச் சொல்லியிருந்தேன்.

"நான் சொல்லாம சுவிட்ச்ல கை வைக்கக் கூடாது, கேட்டீரா?"

"கழுத்தே போனாலும் வைக்க மாட்டேன் அண்ணாச்சி."

"போறது என் கழுத்துவே."

பழைய எலெக்ட்ரோடுக்குப் பக்கத்தில் கடப்பாரையைப் போட்டேன். அடியில் பொந்து. காலுக்குக் கீழே இறுகியிருந்த மேலோடு பிளந்து, இடது கால் தொடை வரை இறங்கிச் சிக்கிக்கொண்டது. கயிறோ நாலடி தொய்வாக இருந்தது. ஓடு முழுதாக உடைந்தால் சுற்றியிருந்த கட்டிகளெல்லாம் என் மேல் சரியும்.

"ஆபீஸ்! ஆபீஸ்!" என்று கத்தினேன்.

"என்னது அண்ணாச்சி?"

"ஆபீஸ்வே! சீக்கிரம்!"

"இந்தா ஓடுதேன்!"

இரும்புப் படியில் தடதடவென்று காலடிச் சத்தம் இறங்கிப்போனது. அப்போதுதான் புரிந்தது. முன்பு துறைமுகத்தில் சரக்கு ஏற்றிய எனக்கும் பால்துரைக்கும் 'அரியா' என்றால் இறக்கு, 'ஆபீஸ்' என்றால் தூக்கு. பதினாலு வருஷமாக வேறு சொல் என் வாயில் வந்ததில்லை. நூல் மில்லில் ஆபீஸ் என்றால் ஆபீஸ்தான்.

இங்கே ஆபீஸ் மெயின் கேட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. போக ஐந்து நிமிடம், வர ஐந்து. காலை இழுத்தால் ஓடு நொறுங்கியது. சும்மா இருந்தால் விரல்கள் மரத்தன. கடப்பாரையைக் குறுக்கே போட்டு நெஞ்சைச் சாய்த்தேன். தூள் மூக்கில் ஏறியது. ஓடு அதிர்ந்துவிடும் என்று பயந்து, இருமலைத் தொண்டைக்குள்ளேயே அடக்கினேன்.

மேலே மூச்சிரைப்பு கேட்டது.

"ஆபீஸ்ல சொல்லிட்டேன் அண்ணாச்சி! என்ன விசயம்னு அங்க கேக்காவ!"

மறுபடியும் அதே சொல்தான் நாக்கு நுனிக்கு வந்தது. கடித்து நிறுத்தினேன்.

"தூக்கும்வே! என்னைத் தூக்கும்!"

கயிறு விறைத்தது. பெல்ட் விலாவை அறுத்தது. கடைசியில் பூட்ஸை விட்டுவிட்டுக் கால் மட்டும் வந்தது. அடுத்த மூச்சில் ஓடு மொத்தமும் உள்ளே போனது, பூட்ஸும் கடப்பாரையும் சேர்ந்து.

சிவப்பிரகாஷ் முகம் தெரிகிற உயரத்தில், பள்ளத்துக்கு நேர் மேலே தொங்கினேன். அவர் கை சுவிட்சுக்கு அருகில் காத்திருந்தது.

"இனி என்ன செய்யணும்? நீரு சொல்லாம தொட மாட்டேன்."

ஒவ்வொரு சொல்லாக யோசித்துச் சொன்னேன்.

"பக்கத்துல... தள்ளும். இறக்கிராதீரும்."