ஒட்டுறவுக்கு ஓர் உதாரணம்

நாத்தனாருக்குப் புள்ளியியல் சொல்லிக்கொடுப்பதற்குப் பாம்புக்குப் பல் விளக்கிவிடலாம் என்றிருந்தது அண்ணிக்காரிக்கு. ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டு சாப்பாட்டு மேசையில் எதிரே உட்கார்ந்திருந்தாள். நாளைக்குப் பரீட்சை. நாத்தனார் தேறிவிட்டால் சுகாதாரத் துறையில் வேலை, அதுவும் வெளியூரில். தேறாவிட்டால் இதே வீடு, இதே வாய்.

அந்த வாய் மூன்று வருஷமாக ஒரே பாட்டைத்தான் பாடுகிறது. அண்ணி வாழவந்த மாதமே அப்பாவின் அச்சகம் படுத்துவிட்டதாம். அச்சகத்துக்கு வேலை வருவது அதற்கு முன்பே குறைந்துபோயிருந்தது ஊருக்கே தெரியும். பள்ளியில் புள்ளியியல் நடத்துகிறவள் அண்ணிக்காரி. அவள் தலையில்தான் இந்தப் பழி.

"ரெண்டு, நாலு, ஒம்பது. திட்ட விலக்கம் கண்டுபிடி."

"சராசரி அஞ்சு. அதுலேர்ந்து மைனஸ் மூணு, மைனஸ் ஒண்ணு, பிளஸ் நாலு. கூட்டினா பூஜ்யம். அப்போ விலக்கமே இல்ல."

"எந்த எண்களை எடுத்தாலும் அப்படிக் கூட்டினா பூஜ்யம்தான் வரும். வர்க்கப்படுத்திட்டுக் கூட்டணும்னு எத்தனை தடவை சொல்றது?"

"நீங்க சொல்ற லட்சணம் அப்படி." மரியாதை 'நீங்க'வோடு சரி. பேனாவைக் கடித்தபடி போட்டாள். "ஒம்பது, ஒண்ணு, பதினாறு. இருபத்தாறு. மூணால வகுத்து வர்க்கமூலம்."

"சாம்பிள்னு கேட்டிருந்தா?"

"ஒண்ணைக் குறைச்சு ரெண்டால வகுக்கணும்."

சரியான விடை. பாராட்ட மனம் வரவில்லை. 'ம்' என்றாள்.

"பத்து பேர் சம்பளம். ஒருத்தன் மட்டும் கோடீஸ்வரன். சராசரியா, இடைநிலையா?"

"இடைநிலை. ஒரே ஆள் மொத்தச் சராசரியையும் கெடுத்துடுவான்." நிமிர்ந்து நேராகப் பார்த்தாள். "சில வீட்டுக்கு ஒருத்தி போதும்."

அண்ணிக்காரிக்குச் சுருக்கென்றது. பாஸாகட்டும், போய்த் தொலையட்டும் என்று புத்தகத்தைத் திருப்பினாள்.

"ஒட்டுறவு, அதான் கோரிலேஷன், இருந்தா ஒண்ணுக்கு இன்னொண்ணு காரணம்னு சொல்லிடலாமா?"

"கூடாது. ரெண்டு விஷயம் சேர்ந்து நடக்கிறதாலேயே ஒண்ணால இன்னொண்ணுன்னு ஆகிடாது."

"உதாரணம்? ஒண்ணு கட்டாயம் எழுதச் சொல்வாங்க."

கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்பது உறைத்தது. மூன்று வருஷமாக, தான் காரணமில்லை என்று இவள் சொல்லும் ஒரு வார்த்தைக்குத்தான் காத்திருந்தோம் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. வெளியூர் வேலையெல்லாம் வெறும் சாக்கு.

நாத்தனாரும் புரிந்துகொண்டாள். பேனாவை மூடி வைத்தாள்.

"ஒருத்தி ஒரு வீட்டுக்கு வாழ வந்தா. அந்த மாசமே மாமனாரோட அச்சகத்தை மூடினாங்க. ரெண்டும் ஒண்ணா நடந்துச்சு, ஆனா அவ காரணம் இல்ல. இதையே எழுதிடறேன், மார்க் விழும். ஆனா நான் நம்புவேன்னு மட்டும் நினைக்காதீங்க அண்ணி. அது பேப்பருக்கு."

இவள் பாஸாகி எந்த ஊருக்குப் போனாலும் இந்தப் பழி இங்கேயேதான் கிடக்கும். அண்ணிக்காரிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இவள் முன்னால் அழுவதற்குச் செத்துப்போகலாம்.

"மார்க் விழாது," என்றாள். "ஒரே ஒரு தடவை நடந்ததை வச்சு ஒட்டுறவே சொல்ல முடியாது. பூஜ்யம்தான் போடுவாங்க. வேற உதாரணம் சொல்லு."

நாத்தனார் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்து, வேறு உதாரணம் தேட ஆரம்பித்தாள்.