உதடு தெரியாத இடம்

ஐந்தே நாளில் பெட்டிக்குள் சுருண்ட படத்தை எந்தப் புண்ணியவானோ இணையத்தில் ஏற்றியிருந்தான். மகள் அதைத் தேடிப் பிடித்து டிவியில் போட்டாள். எழுபத்திரண்டில் வந்த காதல் படம். கதாநாயகிக்கு மொழி தெரியாததால் அவளுக்குக் குரல் கொடுத்தவள் என் மனைவி. அப்போது எங்களுக்குக் கல்யாணமான புதிது. மகளுக்கு இரண்டு வயதாகும்போது அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். அவள் குரல் வேறெங்கும் பதிவாகவில்லை. மகளுக்கு நினைவில்லாதது நியாயம். எனக்கும் மறந்துவிட்டது. அதை மகளிடம் சொல்லத்தான் இத்தனை வருஷமாகத் துணிச்சல் வரவில்லை.

படம் ஓட ஓட எரிச்சல் தலைக்கேறியது. கதாநாயகி வாயைத் திறந்தாலே தேன் வழிந்தது. “அத்தான், அந்த நிலா நம்மையே பார்க்கிறது” என்றாள். என் மனைவியா இது? அவளுக்கு நிலாவைப் பார்க்க எங்கே நேரம்? என்னை ஒருநாள் அப்படிக் கூப்பிட்டிருந்தால் மயக்கம் போட்டு விழுந்திருப்பேன். எவனோ எழுதிக் கொடுத்ததை எவளோ ஒருத்தியின் உதட்டுக்கு அளவெடுத்துப் பேசியிருக்கிறாள்.

“அம்மா குரல் எவ்வளவு இனிமையா இருக்குல்லப்பா?” என்றாள் மகள்.

“இது உங்கம்மா இல்ல.”

“என்னப்பா, அவங்க பேசினதுதானே?”

“குரல் அவளோடதுதான். பேசறது அவ இல்ல. கொஞ்சம் சும்மா இரேன்!”

வள்ளென்று விழுந்துவிட்டேன். பாவம், அவள் என்ன செய்வாள். நடுவில் பற்பசை விளம்பரம் வேறு வந்து குதித்து என் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டது. இரண்டு மணி நேரம் போயிற்று. ஒரு சொல்லில்கூட என் மனைவி அகப்படவில்லை. கல்லில் நார் உரித்தது போதும், நிறுத்து என்று சொல்ல வாயெடுத்தேன்.

அப்போது மழையில் நனைந்த கதாநாயகன் வாசலில் வந்து நின்றான். கதாநாயகி நமக்கு முதுகைக் காட்டி நின்றாள். இப்படி உதடு தெரியாத இடங்களில் சில சமயம் வசனமே எழுதியிருக்க மாட்டார்கள். குரல் கொடுப்பவர்கள் வாய்க்கு வந்ததைச் சொல்லி நிரப்பிவிடுவார்கள்.

“அங்கயே நில்லுங்க! காலத் துடைக்காம உள்ள வராதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது?”

“துடைச்சிட்டேன், துடைச்சிட்டேன்” என்றேன் வாய்விட்டு.

மகள் படத்தை நிறுத்தினாள். அவசரமாக சோபாவுக்கு மேல் தூக்கிக்கொண்ட என் கால்களைப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

“இதுதான் அம்மாவாப்பா?” என்றாள்.