நிற்காமல் போன ஆறு வண்டிகள்

அன்று காலை கடைசியாக இருவரும் சண்டை போட்டது சமையல் எண்ணெய்க்காகத்தான். வீட்டின் பின்பக்கம் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒரு கையால் பெடலைச் சுற்றிக்கொண்டே, மறு கையால் எண்ணெய் பாட்டிலைச் செயின் மேல் சாய்த்துக்கொண்டிருந்தார் அவள் கணவர்.

"ஏங்க, அது தாளிக்கிற எண்ணெய்ங்க!"

"இதுக்கும் தாளிச்சுத்தான் விடுறேன். பாவம், எத்தனை நாளா கீச்சு கீச்சுன்னு அழுவுது."

"ஊர்ல இருக்கிற மெஷினுக்கெல்லாம் வைத்தியம் பாக்குற ஆளு. ஒரு டப்பா கிரீஸ் வாங்கக் கூடாதா?"

"வாத்தியார் பிள்ளை மக்குன்னு நீ கேட்டதே இல்லியா?"

சொல்லிவிட்டு, கறுத்த விரல்களை அவளுடைய கரித்துணியில் துடைத்தார். அவள் துணியைப் பிடுங்கிக்கொண்டு கார் சாவியை எடுத்தாள். அவர் ஸ்பேனர் பையைத் தோளில் மாட்டினார். அவள் வேலை செய்த கோழிப்பண்ணை தொலைவு என்பதால் பச்சைக் கார் அவளுக்கு. சுற்றுவட்டாரத்து மாட்டுப்பண்ணைகளில் பால் கறக்கும் மெஷின்களைப் பழுது பார்க்க அவருக்குச் சைக்கிள் போதும்.

சாவியை எடுத்தால் பாடம் ஒப்பிக்க வேண்டும் என்பது அந்த வீட்டுச் சட்டம்.

"எங்கே, சொல்லு."

"யார் கை காட்டினாலும் நிறுத்தக் கூடாது. கண்ணாடிய இறக்கக் கூடாது. முகத்தைப் பாத்து இரக்கப்படக் கூடாது. போதுமா?"

"இன்னொண்ணு?"

"பெட்ரோல் பங்க்ல சிக்னல் வந்ததும் போலீசுக்கு ஒரு போன். அத நீங்க பண்ணிக்குங்க, சாமி."

இந்தப் பாடத்துக்கு ஒரு வரலாறு உண்டு. பிழைப்புக்காகக் கடல் கடந்து இந்த நாட்டுப்புறத்துக்கு வந்த முதல் வருடம், கோட்டுப் போட்ட ஒருவன் வயல் நடுவே காரை நிறுத்தி விளக்கைச் சிமிட்ட வைத்துக்கொண்டு, கும்பிடாத குறையாக அவள் கணவரை மறித்தான். பின்சீட்டில் ஒரு பெண்ணும் குழந்தையும். டீசல் தீர்ந்துவிட்டது, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், அடமானமாக இந்த மோதிரத்தை வைத்துக்கொள்ளுங்கள் என்றான். மெஷின் உறுமுவதைக் கேட்டே எந்த வால்வு கெட்டது என்று சொல்லிவிடுகிற மனிதருக்குப் பித்தளை எது, தங்கம் எது என்று தெரியவில்லை. பையில் இருந்ததையெல்லாம் கொடுத்துவிட்டு வந்தார். மூன்றாம் நாள் விரல் பச்சையானது. ஒரு வாரம் அவரை "மோதிர மாப்பிள்ளை" என்றே கூப்பிட்டாள். அவர் சிரிக்கவில்லை. பிறகு எங்கேயோ ஒருவன் மேலெல்லாம் சிவப்புப் பெயிண்டைப் பூசிக்கொண்டு சாலையில் படுத்து, இறங்கி வந்தவர்களைக் கொள்ளையடித்த செய்தியைப் படித்துக் காட்டினார். அன்றிலிருந்துதான் பாடம்.

கடைசி வரியை மட்டும் அவள் எப்போதும் அவர் தலையிலேயே கட்டிவிடுவாள். நேரில் என்றால் கை இருக்கிறது, கண் இருக்கிறது, ஒன்றும் தோன்றாவிட்டால் சிரிப்பு இருக்கிறது. எப்படியோ சமாளித்துவிடுவாள். போனில் வெறும் நாக்கு. அந்த ஊர் பாஷை போனில் வந்தால் அவளுக்கு வாய் ஒட்டிக்கொள்ளும். வங்கி, டாக்டர், கேஸ்காரன் எல்லோரிடமும் பேசுவது அவர்தான்.

அன்று மூன்றேகால் மணிக்கு அவள் திரும்பிக்கொண்டிருந்தாள். பண்ணையில் அவளுக்கு, விளக்குக்கு மேலே முட்டையை உருட்டி விரிசல் பார்த்துப் பிரிக்கிற வேலை. விரிசல் விட்டதை வீட்டுக்கு எடுத்துப்போகலாம். பக்கத்து சீட்டில் ஒரு அட்டை நிறைய முட்டை இருந்தது.

வளைவு திரும்பியதும் பார்த்தாள். ஓரமாக ஒரு கார், விளக்குகள் சிமிட்டிக்கொண்டிருந்தன. நடுச்சாலையில் சட்டையில்லாத ஒரு ஆள் இரண்டு கையையும் தூக்கி ஆட்டினான். முழங்கை வரை சிவப்பு.

பெயிண்ட், என்று நினைத்தாள்.

அதைத் தவிர வேறெதுவும் அவளுக்குத் தோன்றவில்லை. இடது கையால் முட்டை அட்டையைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் ஸ்டீயரிங்கை ஒடித்து, அவனைச் சுற்றிக்கொண்டு வேகத்தைக் கூட்டினாள். கண்ணாடியில் அவன் கைகளைத் தொங்கப்போட்டு நின்றது தெரிந்தது. ஒரு முட்டைகூட உடையவில்லை.

பயம் தணிந்ததும் உள்ளே ஒரு பெருமிதம். பரீட்சையில் தேறிய பிள்ளை மாதிரி இருந்தாள். பெட்ரோல் பங்க் வந்தது. வேகத்தைக் குறைத்தாள். சாலை, ஆள், சட்டை இல்லை என்று வார்த்தைகளை அடுக்கிப் பார்த்தாள். எந்த இடம், எந்தச் சாலை என்று கேட்பார்கள். திருப்பிச் சொல்லுங்கள் என்பார்கள். பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது.

'அவர் வந்ததும் சொல்லிக்கலாம். அவரே பண்ணிடுவார்.'

வீட்டுக்குப் போய் டீ போட்டாள். அவர் வந்ததும் எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்து வைத்தாள்: "உங்க மோதிரக்காரனோட அண்ணன் ஒருத்தன இன்னிக்குப் பாத்தேங்க. சட்டைக்குக்கூட வழியில்லாதவன்!" தனியாகச் சிரித்தாள்.

ஐந்து மணிக்கு, அவருக்காக டீயை மறுபடி அடுப்பில் வைத்தபோது, போலீஸ் வண்டி வந்து நின்றது. அந்த ஆளைப் பற்றி விசாரிக்கத்தான் வந்திருக்கிறார்கள் என்று கதவைத் திறந்தாள். அவர்கள் வாயைத் திறக்குமுன் தன் உடைந்த பாஷையில் முந்திக்கொண்டாள். "பார்த்தேன். நான் பார்த்தேன். சட்டை இல்லாத ஆள். கெட்டவன். நான் நிறுத்தவில்லை."

வயதான போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றினார். உடன் வந்த பெண் அவளுடைய முழங்கையைப் பிடித்து உட்காரச் சொன்னாள். அவர்கள் சொன்னதில் அவளுக்குப் புரிந்தது நான்கு வார்த்தைகள். சைக்கிள். கணவர். வளைவு. இல்லை. நான்காவதை அவள் திரும்பக் கேட்டாள். போலீஸ்காரர் திரும்பச் சொன்னார்.

அடுப்பில் டீ பொங்கி வழிந்தது. அந்தப் பெண்தான் எழுந்து போய் அணைத்தாள்.

அடுத்த வாரம், சாலையில் கை காட்டிய அந்த ஆள் வந்தார். கூரை வேய்கிற தொழிலாளி. அன்று அவள் கணவரின் தலைக்கு அணையாக வைத்திருந்த ஸ்பேனர் பையைத் திருப்பிக் கொடுக்க வந்திருந்தார். இப்போது கழுத்து வரை பட்டன் போட்ட சட்டை. நகரத்திலிருந்து வந்து தங்கியிருந்த அவளுடைய கொழுந்தன் நடுவில் உட்கார்ந்து தமிழில் சொன்னான்.

"டிராக்டரோட டிரெய்லர் எதோ தட்டிட்டு நிக்காமப் போயிடுச்சாம், அண்ணி. இவர் வரும்போது அண்ணன் பள்ளத்துல கெடந்தாராம். கால்ல வெட்டு. சட்டையக் கழட்டிக் காயத்துல கட்டி அமுக்கிட்டே இருந்தாராம். அங்க போன் சிக்னலே எடுக்கலியாம். விட்டுட்டுப் போனா ரத்தம் நிக்காது. வண்டிச் சத்தம் கேக்குறப்பல்லாம் மேல ஓடி வந்து கை காட்டினாராம்."

"எத்தனை வண்டிங்க?" அவள் கேட்டாள்.

கொழுந்தன் தயங்கினான். கூரைக்காரர் கேள்வியைப் புரிந்துகொண்டு ஆறு விரலைக் காட்டினார்.

"அதுல ஒண்ணு பச்சை வண்டி. நானுங்க."

"அண்ணி, சும்மா இருங்க."

"சொல்லுங்க, தம்பி."

"இத நான் சொல்ல மாட்டேன்."

அவளே சொன்னாள். பச்சை. நான். போனேன். இலக்கணமில்லாத மூன்று வார்த்தை. கூரைக்காரர் அதிர்ந்தவராகத் தெரியவில்லை. வாசலில் அந்த வண்டியின் பின்னால்தானே தன் வண்டியை நிறுத்திவிட்டு வந்திருந்தார். கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்துவிட்டு மெதுவாக நீளமாகப் பேசினார்.

"தப்பில்லைங்கறாரு அண்ணி. அவரு சம்சாரத்துக்கும் அவரு அதேதான் சொல்லி வெச்சிருக்காராம், நிறுத்தாதேன்னு. அவரே உங்க எடத்துல இருந்தாலும்..." கொழுந்தன் செருமிக்கொண்டான். "அந்த ஆறுல யாரோ ஒருத்தர் தாண்டிப் போய் போன் பண்ணியிருக்காங்களாம். அதனாலதான் ஆம்புலன்ஸ் வந்துச்சாம். கொஞ்சம் முன்னாடியே வந்திருந்தா ரத்தம் ஏத்தியிருக்கலாம்னு டாக்டர் சொன்னாராம். ஆனா அந்த போனும் இல்லேன்னா, அண்ணன் அந்தப் பள்ளத்துலயே..."

கூரைக்காரர் அவளைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார். அவர் முகத்தில் அப்படியொரு ஆவல். கொடுப்பதற்கென்றே கொண்டு வந்த ஒன்றை நீட்டுகிறவர் போல முன்னால் சாய்ந்தார்.

கொழுந்தன் மொழிபெயர்க்க வாயெடுத்தான். தேவைப்படவில்லை. போன் பண்ணியது நீங்கள்தானா? அந்தக் கேள்வி முழுதாகவே அவளுக்குப் புரிந்தது.

ஆமாம் என்று தலையசைத்தால் போதும். கொழுந்தனும் அதைத்தான் எதிர்பார்த்து அவள் முகத்தையே பார்த்தான். அவன் அண்ணனுக்காக யாரோ ஒருவர் பேசினார் என்றால், அது அண்ணியாக இருக்கட்டும் என்று அந்தப் பார்வை கெஞ்சியது.

"இல்லை," என்றாள். போலீஸ்காரர் அவளிடம் இருமுறை சொன்ன அதே வார்த்தை, அதே பாஷையில். உச்சரிப்பு சுத்தமாக இருந்தது.

கூரைக்காரர் எழுந்து, பையை மேசை மேல் வைத்து, அதன் வாரை ஒழுங்காக மடித்துவிட்டு, அவள் தோளைத் தொடலாமா என்று யோசித்துத் தொடாமல் வெளியே போனார். வண்டி கிளம்புகிற சத்தம் வெகுநேரம் கழித்தே கேட்டது.

அவள் பண்ணை வேலையை விடவில்லை. வழியும் வேறில்லை. வளைவைத் தாண்டும்போது ஒருநாள் டாஷ்போர்டு கடிகாரத்தைப் பார்த்தாள். மறுநாளும் பார்த்தாள். மெதுவாகப் போனாலும், மழையில் போனாலும், மாட்டு மந்தைக்கு ஒதுங்கி நின்று போனாலும்கூட, அங்கிருந்து பெட்ரோல் பங்க்குக்கு நான்கு நிமிடம்தான் ஆகிறது.