எலுமிச்சையளவு உலை

வடகரப்பதி இரும்புக் கம்பெனியின் உருக்கு உலை ஒவ்வொரு மார்ச் முப்பத்தொன்றாம் தேதியும் கொஞ்சம் சிறுத்தது. கணக்குப் புத்தகத்தில் வருடா வருடம் மிச்ச மதிப்பில் நூற்றுக்குப் பதினைந்து தேய்மானம் என்று கழித்தார்கள். உலையும் அந்த அளவுக்கே குறைந்தது. வந்தபோது ஆறடி. எட்டாம் வருடம் முழங்கால் உயரம். வேலந்தாவளம் சந்தையில் தக்காளி கிலோ இரண்டு ரூபாய்க்குப் போன வருடம் அது. ஊர் அதைத்தான் பேசியது.

காளிச்சாமிக்கு மட்டும் உலையில் காரியம் இருந்தது. கம்பெனி நின்ற இரண்டு ஏக்கர் அவருடையது. உலை இருக்கும்வரை நிலம் கம்பெனிக்கு, உலை போனால் அவருக்கு என்று பத்திரம். பதினோராம் வருடம் முதலாளி புது உலைக்கு அறுபது கோடி போட்டுக் கோயமுத்தூர்ப் பக்கம் போய்விட்டார். பழையதைத் தூக்கக் கிரேன் வந்தது. உலை சிறுத்திருந்ததே தவிர எடை குறையவில்லை, சூடும் ஆறவில்லை. இரண்டு சங்கிலி அறுந்ததும் கிரேன்காரன் கும்பிட்டுவிட்டுப் போனான். தகரக் கூரையை மட்டும் பிரித்துக்கொண்டு போனார்கள். உலைக்குக் காவல் காளிச்சாமிதான். முதலில் முழம் போட்டு அளந்தார், பிறகு சாண், பிறகு விரல்.

"ஏனுங்க, இன்னுமா கெடக்குது?" என்பாள் அவர் மனைவி மருதாத்தாள்.

"கெடக்குது புள்ள."

"உங்களாட்டவே. வத்துமே தவிர எடத்த உட்டு நகராது."

இருபதாம் வருடம் எலுமிச்சையளவு ஆனது. கம்பெனிக் கணக்குப் பார்க்க வந்த செல்வப்பிரியா குனிந்து பார்த்தாள்.

"இது எப்பத் தீருமுங்க அம்மிணி?"

"மிச்சத்துலதானுங்க கழிக்கறோம். எத்தன கழிச்சாலும் துளி மிச்சம் நிக்கும். தீராதுங்க பெரியப்பா."

காளிச்சாமிக்கு அப்போது அறுபத்தெட்டு. அன்றைக்கு அளக்கவில்லை, அதற்குப் பிறகும் அளக்கவில்லை.

மார்கழியில் யாரையும் கேட்காமல் ஏர் பூட்டி, உலையைச் சுற்றி வளைத்து உழுது நிலக்கடலை போட்டார். பங்குனிக் கடைசியில் பறித்தபோது, உலைக்கு நாலு முழத்துக்குள் வந்த காயெல்லாம் மண்ணிலிருந்து வறுபட்டே வந்தது. அந்த வாரம் வந்த செல்வப்பிரியா ஒரு பிடி உரித்துத் தின்றாள். "உப்புத்தான் இல்லீங்க" என்றாள். கையைத் துடைத்துவிட்டு, 'உலை: இருக்கிறது' என்று புத்தகத்தில் எழுதினாள்.

நிலம் இன்னும் கம்பெனி பெயரில்தான். மருதாத்தாள் கடலைக் காட்டுக்குப் போகும்போது முந்தானையில் உப்பு முடிந்துகொண்டு போகிறாள்.