கூண்டுக்குள் இருவர்

விஜயகுமாரிக்குக் குரங்குகளைப் பிடிக்காது. அடுக்குமாடிக் குடியிருப்பின் பத்தொன்பதாம் பிளாக்கில் அவள் பெருக்கிக் குவிக்கும் குப்பையை அவை கிளறி எறியும். துடைப்பக்கட்டையால் எத்தனையோ முறை விரட்டியிருக்கிறாள். ஒரு பெண்குரங்கை மட்டும் பதினோரு நாளாக அவள் விரட்டவில்லை.

அதன் குட்டி லாரியில் அடிபட்டு இறந்துபோனது. இரண்டு நாள் செத்த குட்டியையே சுமந்து திரிந்தது. மூன்றாம் நாள், சாக்கடையோரம் முனகிக்கொண்டிருந்த, கண் திறக்காத நாய்க்குட்டியை எடுத்து மார்பில் அணைத்துக்கொண்டது. குட்டியும் பால் குடித்தது. வயிற்றைப் பற்றிக்கொள்ளத் தெரியாத குட்டி என்பதால், அதை ஒரு கையால் பிடித்தபடி மூன்று காலில் நடந்தது குரங்கு.

குடியிருப்பவர்கள் கொடுத்த புகாரில் குரங்கு பிடிக்க ஆள் வந்தது. கூண்டில் வைத்த வேர்க்கடலைக்கு ஆசைப்பட்டு அந்தக் குரங்கு குட்டியோடு உள்ளே போக, கதவு விழுந்தது. கூண்டுக்காரர் சைமன்ராஜ் கம்பியை உள்ளே விட்டு நாய்க்குட்டியை இழுத்தார். குரங்கு முதுகைக் காட்டிக் குட்டியை மறைத்தது. கம்பி முதுகில் கீறியது. அது அசையவில்லை.

விஜயகுமாரி துடைப்பத்தைப் போட்டுவிட்டு வந்து கூண்டின்மேல் கை வைத்தாள்.

"கம்பிய எடுங்க."

"நாயக் காட்டுக்கு எடுத்துகினு போவ முடியாதுக்கா. குரங்குக்குத்தான் ஆர்டர்."

"அப்ப ரெண்டையும் இங்கயே வுட்டுட்டுப் போங்க. பிரிச்சா குட்டி செத்துப்போவும்."

புகார் கொடுத்த சண்முகசுந்தரம் மாடியிலிருந்து இறங்கி வந்தார். "எங்க வீட்டு ஜன்னலை உடைச்சதே இதுதாம்மா. உங்க சூப்பர்வைசர்கிட்ட சொல்லவா?"

"சொல்லுங்க சார். வேலை போனா போவட்டும். இந்தக் குட்டி சோறு தின்னற வரைக்கும் ரெண்டையும் பிரிக்க வுட மாட்டேன்."

சொல்லிவிட்டுக் கூண்டின் கதவில் சாய்ந்து உட்கார்ந்தாள். வேலை போனால் என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஆனாலும் எழவில்லை. வெயில் ஏறியது. சைமன்ராஜின் வண்டியில் வேறு கூண்டுகளில் இருந்த குரங்குகள் கத்தத் தொடங்கின. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"நவுருக்கா. ஒரு மாசம் கழிச்சு வருவேன். அப்ப தடுக்கக் கூடாது."

கதவு திறந்ததும் குரங்கு குட்டியோடு புங்கமரத்தில் ஏறியது.

சண்முகசுந்தரம் சொன்னதால் சூப்பர்வைசர் அவளை வேறு பிளாக்குக்கு மாற்றினார். தினமும் மாலையில் அங்கிருந்து நடந்து வந்து, மரத்தடியில் பால்சோறு வைத்துவிட்டுப் போனாள். குட்டி கண் திறந்தது, சோற்றை நக்கியது, பிறகு தின்றது. தூக்க முடியாத அளவு கனத்துவிட்டது. மற்றக் குரங்குகளின் கூட்டம் அடுத்த தெருவுக்குப் போனபோதும் இந்தக் குரங்கு போகாமல் குட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து பேன் பார்த்தது.

சொன்னபடி சைமன்ராஜ் கூண்டோடு வந்தார். மரத்தடியில் அவை சேர்ந்து தூங்குவதை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இன்னும் கொஞ்ச நாள் போவட்டும்க்கா," என்று சோறு வைக்க வந்த விஜயகுமாரியிடம் சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினார்.